ஒரு டின் மாவு, ஒரு டின் தண்ணீர்

முப்பத்துநான்கு ஆண்டுகள் நீர்மானிகளைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுத்தவர் ரத்னவேல். பணி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவருடைய கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அரைகுறை அளவுகளைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பதைக் கிளமெண்டி வட்டாரத்தில் அவருடைய அடுக்ககத்தில் குடியிருந்த அனைவரும் அறிவர். மருந்துக் கடையில் இரண்டு ஸ்பூன் என்றால், எந்த ஸ்பூன் என்று கேட்பார். "இப்ப வந்துடுறேங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போன மனைவி சரஸ்வதி திரும்பி வந்ததும், இன்றைய 'இப்ப' நாற்பத்தேழு நிமிடம் என்று நாட்காட்டியில் குறித்து வைப்பார்.

ஆகவே, எதிர்வீட்டு ஷமீமா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நின்று, "அங்கிள், எங்க உம்மாவோட சமையலை எல்லாம் கிராம் கணக்குல எழுதித் தரணும். உங்களால முடியுமா?" என்று கேட்டபோது, இத்தனை காலமும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஷமீமாவுக்கு வயது முப்பத்திரண்டு. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை. முறை மாறி மாறி வரும் வேலை அது. தாய் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் மூன்று வயது மகள் கண் விழிப்பாள். தாய் வீடு திரும்பும்போது அவள் உறங்கிவிட்டிருப்பாள். இந்த நிலையில்தான், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் உணவகத்தில் ஒரு கடை காலியாயிற்று. சென்ற முறை ஒரு கடைக்கு விண்ணப்பித்து அவள் தோற்றிருந்தாள். இந்த முறையும் தவறினால் அடுத்த வாய்ப்பு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

"பன்னிரண்டு அயிட்டம் அங்கிள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு. எல்லாம் கிராம்லதான் இருக்கணும், கப்பு, டம்ளர்னு எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. டெஸ்ட் அன்னைக்கு நான் சமைக்கக் கூடாது. அவங்க ஆளு என் சீட்டைப் பாத்து சமைப்பாரு. அதைத்தான் அவங்க சாப்பிட்டுப் பாப்பாங்க."

"மிகச் சரியான விதி" என்றார் ரத்னவேல். உணவகத்தை நடத்தும் அந்த நிறுவனத்தின்மீது அவருக்கு உடனே ஒரு மரியாதை பிறந்தது.

"உம்மா சமையல்ல எல்லாமே டின்னு கணக்கு அங்கிள். எனக்கு இந்த வாரம் பூரா ஷிஃப்ட். உக்காந்து எழுத நேரமில்ல."

"நீ வேலைக்குப் போம்மா. திங்கட்கிழமை சீட்டு தயாரா இருக்கும்."

அன்று பிற்பகலே தேக்கா கடைத்தெருவுக்குப் போய், ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் மின்தராசு ஒன்றை வாங்கி வந்தார். வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே, வேடிக்கை பார்க்கச் சரஸ்வதியும் போனாள்.

ஷமீமாவின் தாயார் ஆமினா பீவி நல்ல சமையற்காரர். ஆனால், தாம் சமைப்பதை ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"இடியாப்பத்துக்குச் சொல்லுங்க" என்றார் ரத்னவேல், பேனாவைத் திறந்து.

"ஒரு டின் மாவுக்கு ஒரு டின் கொதிச்ச தண்ணி. ருசிக்கு உப்பு. அவ்வளவுதாண்ணே."

"எந்த டின்?"

"இந்த டின்." ஆமினா பீவி அலமாரியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்துக் காட்டினார். டீ கலக்கும் கட்டிப்பால் வரும் டின். மேல் மூடியை வெட்டி எடுத்து, விளிம்பைத் தட்டி மழுக்கியிருந்தார். ஒட்டியிருந்த தாள் இன்னும் கிழியவில்லை.

"தலை தட்டியா, குமிச்சா?"

"தலை தட்டித்தான். குமிச்சா அது டின்னா? கோபுரம்."

"மாவை அழுத்துவீங்களா?"

"மாவை ஏன் அழுத்தணும்? அது என்ன தப்பு செஞ்சுச்சு?"

ரத்னவேல் 'அழுத்தாமல்' என்று எழுதி அடிக்கோடிட்டார். "கோழி ஆணத்துக்கு, அதான் அந்தக் குழம்புக்கு, கறிவேப்பிலை எவ்வளவு?"

"உருவிப் போட்டா அரை டின் வரும்."

"தேங்காய்ப்பூ?"

"ஒரு டின். ஆமா அண்ணே, இதையெல்லாம் எழுதி வச்சா அந்தக் கடைக்காரப் பையனுக்கு சமைக்க வந்துடுமா?"

"அளவு சரியா இருந்தா யாருக்கும் வரும்மா."

இந்த இடத்தில்தான் ரத்னவேல் தமது பணிக்கால அனுபவத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். பன்னிரண்டு உணவு வகைகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பொருள்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே தராசில் ஏற்றி இறக்குவது தேர்ந்த ஓர் அலுவலருக்கு அழகன்று. பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதை ஒரே முறை கண்டுபிடித்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் வெறும் பெருக்கல். அவர் டின்னைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்தார். குழாயடியில் பிடித்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினார். ஒரு சொட்டுத் தளும்பியதைத் துடைத்தார். தராசு முந்நூறு காட்டியது.

"ஒரு டின், முந்நூறு கிராம்" என்று அறிவித்தார். அடுத்து டம்ளர், அடுத்து குழிக்கரண்டி, அடுத்து மேசைக்கரண்டி. அனைத்தும் தண்ணீர் குடித்துத் தராசில் ஏறி இறங்கின.

சரஸ்வதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மாவும் தண்ணியும் ஒரே கனமாவா இருக்கும்?" என்றாள்.

"டின் ஒண்ணுதானே?"

"டின் ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன? அளவு டின்னுல இருக்கு சரஸ்வதி, உள்ள இருக்கிறதுல இல்ல."

முப்பத்துநான்கு ஆண்டுகள் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் அளந்திராத ஒருவர் சொல்லக்கூடிய வாக்கியம் அது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்பது அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. சரஸ்வதி ஆமினா பீவியைப் பார்த்தாள். "எனக்கு இந்தக் கிராமெல்லாம் தெரியாதும்மா" என்று ஆமினா பீவி கைவிரித்துவிட்டார்.

அப்போதுதான் ரத்னவேலின் கண்ணில் டின்னில் ஒட்டியிருந்த தாள் பட்டது. நிகர எடை 390 கிராம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அவர் டின்னை மீண்டும் தராசில் வைத்தார். முந்நூறு. மீண்டும் நிரப்பினார். முந்நூறுதான்.

"பாத்தியா சரஸ்வதி" என்றார், குரல் நடுங்க. "முந்நூறு கிராம் கொள்ளுற டின்னுல முந்நூத்தித் தொண்ணூறுன்னு அச்சடிச்சு விக்கிறான். டின்னுக்குத் தொண்ணூறு கிராம் பொய். ஊரே டீ குடிக்குது, ஒருத்தன் கேக்கல."

பிறரைச் சந்தேகிப்பதில் அவர் காட்டிய வேகத்தில் பாதியையேனும் தம்மைச் சந்தேகிப்பதில் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு எழுத்துப் பணிகளில் அவர் மூழ்கினார். ஒன்று, ஷமீமாவுக்கான பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். மற்றொன்று, அந்தப் பால் நிறுவனத்துக்கு ஆதாரப் படங்களோடு இரண்டு பக்கக் கண்டனக் கடிதம். அதன் அடியில் தம் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஷமீமா தாள்களை வாங்கிக்கொண்டாள். மேலிருந்த தாளின் அடியில் அவருடைய கையொப்பத்தைப் பார்த்ததும், "உங்க சைன் இருந்தா போதும் அங்கிள், நான் கண்ண மூடிக்கிட்டு அனுப்பிடுவேன்" என்றாள். அப்படியே செய்தாள்.

தேர்வு பல்கலைக்கழக உணவகத்தில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. ஷமீமா விடுப்பு எடுத்திருந்தாள். ரத்னவேல் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையோடு உடன் போனார். தம் தாள்கள் வெற்றி பெறுவதை நேரில் காணாமல் அவரால் வீட்டில் இருக்க இயலவில்லை.

உணவக நிறுவனத்தின் அதிகாரி அகிலன், கையில் ஒரு பலகைக் கணினியோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "பன்னிரண்டு சீட்டுல இடியாப்பம், கோழி ஆணம் ரெண்டையும் எடுத்திருக்கோம். சமைக்கப் போறவர் ஷங்கர். நீங்க இந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, அவரோட பேசவும் கூடாது. நாளைக்கு நீங்க லீவுல போனாலும் கடை அதே டேஸ்ட்ல ஓடணும். அதைத்தான் நாங்க பாக்குறோம். பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆளு வந்துடுவாங்க" என்றார்.

ரத்னவேலுக்கு உள்ளே இடமில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஷங்கர், எழுதியதை எழுதியபடி செய்யும் மனிதர். அறுநூறு கிராம் மாவை எடைபோட்டார். அறுநூறு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். பிறகு கறிவேப்பிலைக்குப் போனார். சீட்டில் நூற்றைம்பது கிராம் என்றிருந்தது. கட்டுக் கட்டாக உருவினார். தராசு இருபதைத் தாண்ட மறுத்தது. குளிர்ப்பெட்டியில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து உருவினார். அடுத்த கடைக்காரரிடம் கேட்டு வாங்கி உருவினார். அவருக்கு முன்னால் ஒரு சிறு தோட்டமே குவிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஷமீமாவின் முகம் மெல்ல வெளுத்தது. வாயைத் திறக்கப் போனவள், அகிலனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இவை எவற்றையும் ரத்னவேல் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி ஒலித்தது.

"ஹலோ, மிஸ்டர் ரத்னவேல்? நான் ரோஷினி, கஸ்டமர் கேர்ல இருந்து பேசுறேன் அங்கிள். உங்க லெட்டர் கிடைச்சுச்சு, கண்டென்ஸ்டு மில்க் பத்தி."

ரத்னவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லும்மா. அந்தத் தொண்ணூறு கிராம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல அங்கிள். நீங்க டின்னுல தண்ணி ஊத்தித்தானே எடை பாத்தீங்க?"

"ஆமா. ரெண்டு தடவை."

"மில்க் தண்ணிய விடக் கனம் லா அங்கிள். அதே டின்னுல தண்ணி முந்நூறு நிக்கும், மில்க் முந்நூத்தித் தொண்ணூறு நிக்கும்."

"டின் ஒண்ணுதானேம்மா?"

"டின் ஒண்ணுதான். உள்ள இருக்கிறது வேற."

முப்பத்துநான்கு ஆண்டுகளாக இறுக மூடிக் கிடந்த ஒரு குழாய்த் திருகு, ரத்னவேலின் மண்டைக்குள் எங்கோ மெல்லத் திரும்பிற்று.

"அப்போ" என்றார், மிகத் தாழ்ந்த குரலில், "கனம் குறைஞ்ச பொருளைப் போட்டா?"

"கம்மியாக் காட்டும் அங்கிள். பஞ்சு போட்டீங்கன்னா பத்து கிராம்கூட வராது."

"மாவு போட்டா?"

"மாவா? அது எங்க புராடக்ட் இல்லையே அங்கிள். ஆனா தண்ணிய விடக் கம்மியாத்தான் இருக்கும். வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா?"

வேண்டியிருந்தது. ஆனால் அதை ரோஷினியால் செய்ய முடியாது. ரத்னவேல் கைப்பேசியை இறக்கிவிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தார்.

உள்ளே ஷங்கர் இடியாப்ப உரலை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. உரலை மேசையில் ஊன்றி, மார்பை அதன்மேல் சாய்த்து அழுத்தினார். அடியில் இருந்த துளைகளிலிருந்து அரை அங்குலத்துக்கு மாவு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. பக்கத்து அடுப்புக்காரர் ஓடிவந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் மூச்சடக்கி அழுத்தினார்கள். கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு வந்தது. பின்னால் இருந்த அடுப்பில், கோழி என்ற ஒன்று உள்ளே இருப்பதற்கான எந்த அடையாளமும் இன்றி, கறிவேப்பிலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஷமீமா அழவில்லை. அழுகைக்கும் முந்திய ஒரு நிலையில் நின்றாள்.

ரத்னவேல் எழுந்து கதவைத் தள்ளினார். வாசலில் நின்ற பணிப்பெண், அவருடைய முழு வழுக்கையைக் கணக்கில் கொள்ளாமல், தலைக்கு வலைத்தொப்பி போடாமல் உள்ளே போகக் கூடாது என்றார். வேறொரு நாளாயிருந்தால் அந்த விதியின் பொருத்தத்தைப் பற்றி அவர் அரைமணி நேரம் வாதாடியிருப்பார். இன்று பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டருகே வந்து நின்றார்.

"சார், நீங்க யாரு?" என்றார் அகிலன்.

"அந்த சீட்டுல 'சரிபார்த்தவர்'னு கையெழுத்துப் போட்டவன். அது தப்பு. இந்தப் பொண்ணு மேலயோ, இவங்க உம்மா மேலயோ ஒரு தப்பும் இல்ல. நான் மாவை எடை போடவே இல்ல. தண்ணிய எடை போட்டு, மாவுன்னு எழுதிட்டேன்."

ஷங்கர், "அதானே சார்" என்று பெருமூச்சு விட்டார். "கறிவேப்பிலைய நூத்தம்பது கிராம் எவன் போடுவான்னு நெனச்சேன். ரூல்னு சொன்னாங்க, போட்டுட்டேன்."

ஷமீமா சுவரில் ஒட்டியிருந்த தாள்களை முதன்முறையாக மேலிருந்து கீழ்வரை படித்தாள். படித்துவிட்டு ரத்னவேலைத் திரும்பிப் பார்த்தாள். "அங்கிள், எல்லாத்துக்கும் ஒரு டின் முந்நூறா?"

"ஆமாம்மா."

"கறிவேப்பிலைக்கும்?"

"அதுக்கு அரை டின். அதனால நூத்தம்பது."

"சாங்கியில எனக்கு என்ன வேலைன்னு தெரியுமா அங்கிள்? பெரிய பெட்டியா வரும், உள்ள பொம்மை இருக்கும், எடை இருக்காது. சின்னப் பெட்டியா வரும், இரும்பு இருக்கும், நாலு பேரு தூக்கணும். பெட்டி சைஸ் வேற, எடை வேறன்னு எட்டு வருஷமா நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த சீட்டை ஒரு நிமிஷம் பாத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன். உங்க சைன் இருந்துச்சு, பாக்கல."

ரத்னவேலைப் பற்றி யாரேனும் சொன்ன பாராட்டுகளிலேயே அவருக்கு அதிகம் வலித்தது அதுதான்.

ஷமீமா அகிலன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் இப்போது சரக்குக் கொட்டகைக் குரலாக மாறியிருந்தது. "சார், பன்னிரண்டு மணி வரைக்கும் என் ஸ்லாட். இப்ப பதினொண்ணாகப் பத்து நிமிஷம். சீட்டைத் திருத்தி எழுதக் கூடாதுன்னு உங்க ரூல்ல இருக்கா?"

அகிலன் பலகைக் கணினியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இல்ல. நீங்க சமைக்கக் கூடாதுன்னுதான் இருக்கு."

"சமைக்க மாட்டேன். எடை போடுவேன்."

அவர் யோசித்தார். "பதினொன்னே காலுக்குள்ள புது சீட்டு ஷங்கர் கைக்கு வரணும். இல்லைன்னா அவ்வளவுதான்."

ஷமீமா ஓடினாள். உணவகத்தின் மறுகோடியில் இருந்த டீக்கடையில் அன்று காலை தீர்ந்த பால் டின் ஒன்றை வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். உம்மாவின் டின்னும் இதே அளவுதான். மாவை அள்ளிப் போட்டு, அழுத்தாமல், ஒரு கத்தியின் முதுகால் தலை தட்டினாள். தராசில் வைத்தாள். நூற்று எண்பத்திரண்டு. கொட்டிவிட்டு மறுபடி அள்ளினாள். நூற்று எழுபத்தாறு. மூன்றாம் முறை நூற்று எழுபத்தொன்பது.

"மூணு தடவை ஏன்மா?" என்று கேட்டார் ரத்னவேல், தம்மையும் அறியாமல்.

"ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி விழுது பாருங்க. நடுவுல உள்ளதை எடுக்கணும். தண்ணி மாதிரி ஒழுங்காவா நிக்கும் இது?"

தேங்காய்ப்பூ ஒரு டின், தொண்ணூற்றெட்டு. மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, எட்டு. கறிவேப்பிலை அரை டின்னைத் தராசில் போட்டபோது அது ஒன்பது காட்டியது. ரத்னவேல் கண்களை மூடிக்கொண்டார். தண்ணீர் என்ற ஒரு வரியை மட்டும் ஷமீமா மாற்றாமல் விட்டாள். பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் புதிய தாள்கள் இரண்டும் ஷங்கரின் கைக்குப் போயின.

ஷங்கர் வேறோர் உரல் எடுத்தார். இரண்டு டின் மாவுக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு கிராம் எடுத்துப் பிசைந்தார். மாவு அவர் விரல்களுக்குக் கீழ்ப்படிந்தது. உரலை ஒரு கையால் அழுத்தினார். வெள்ளை நூல்கள் ஓசையின்றி இறங்கித் தட்டில் வட்டமாகச் சுற்றிக்கொண்டன. பக்கத்து அடுப்புக்காரர் உதவிக்கு வர எழுந்து, தேவையில்லை என்று கண்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அகிலன் முன்னால் தட்டு வந்தது. ஓர் இடியாப்பத்தைப் பிட்டு ஆணத்தில் தோய்த்து உண்டார். எதையோ குறித்துக்கொண்டார். இரண்டாவதை உண்டார், குறிக்கவில்லை. மூன்றாவதை எடுக்கும்போது கணினியைத் தள்ளி வைத்துவிட்டார்.

"எத்தனை பேரு உங்களுக்கு சமைக்க வருவாங்க?" என்று ஷமீமாவைக் கேட்டார்.

"முதல்ல நானும் உம்மாவும். அப்புறம் ஒரு ஆளு வைக்கணும்."

"அந்த ஆளுக்கு இந்த சீட்டு போதும்." கையைத் துடைத்தார். "கடை உங்களுக்குத்தான். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி. ஆனா மத்த பத்து பழைய சீட்டும் எனக்கு வேணாம். புதுசா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். ஒவ்வொண்ணுலயும் பொறுப்பு எடுத்துக்கிற ஒரு ஆளோட கையெழுத்து இருக்கணும்."

"இருக்கும் சார்." ஷமீமா சுவரோரம் போய், மகளின் படம் ஒளிரும் கைப்பேசியில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு புதிய தாள்கள் இரண்டையும் எடுத்து, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள்.

ரத்னவேல் அருகில் வந்தார். வலைத்தொப்பி இன்னும் தலையில் இருந்தது. "உப்பு நாலு கிராம்னு எழுதியிருக்கியே, நாலுக்கு அப்புறம் ஒரு புள்ளி வச்சு ஒரு சைபர் போட்டா..."

"அங்கிள்."

"சரிம்மா."

"அந்தப் பழைய சீட்டு பன்னிரண்டும் மேசை மேல இருக்கு. எல்லாத்துலயும் உங்க பேரு இருக்கு. அது வெளிய யாரு கையிலயாவது போச்சுன்னா, அவங்க உரலும் உடையும். உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சிட்டு வாங்க."

அவர் தாள்களை எடுத்துக்கொண்டார். அவருடைய பழைய அலுவலகத்தில் பிழையான சான்றை நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. கிறுக்கக் கூடாது, படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, தேதி எழுத வேண்டும். இதுவரை பிறருடைய சான்றுகளை மட்டுமே அவர் அப்படி நீக்கியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, இடியாப்பத் தாளிலிருந்து தொடங்கினார். நான்காவது தாளை முடித்தபோது ஷங்கர் ஒரு தட்டில் மூன்று இடியாப்பமும் ஆணமும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிட்டுட்டு எழுதுங்க சார், ஆறிடும்."

"இன்னும் எட்டு இருக்கு" என்றார் ரத்னவேல். ஆயினும் பேனாவை மூடி வைத்தார்.